மரணம், அடக்கம், நித்தியம்: துக்க வீட்டிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கேட்கிற கேள்விகள்

சபை மக்கள் மேடையில் நிற்கும் போதகரிடம் கேட்கத் தயங்கி, பந்தலுக்கு வெளியே தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிற கேள்விகள் இவை. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்ற புரொட்டஸ்டன்ட் மரபில் வளர்ந்தவன். கத்தோலிக்க சபையோ பெந்தெகொஸ்தே சபையோ வேறுவிதமாகச் சொல்கிற இடத்தில் அதையும் குறிப்பிட்டிருக்கிறேன். வசனங்கள் வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து.

விசுவாசி சாவுக்குப் பயப்படலாமா? பயந்தால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடாதா?

பயப்படலாம். கெத்செமனேயில் இயேசு சொன்னதைப் படியுங்கள்: "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" (மாற்கு 14:34). சாக்ரடீஸ் நஞ்சுக் கோப்பையை அமைதியாக வாங்கிக் குடித்தார் என்பார்கள். இயேசுவோ தரையில் விழுந்து, இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று மன்றாடினார். கிரேக்க ஞானிக்குச் சாவு என்பது ஆத்துமாவுக்குக் கிடைக்கும் விடுதலை. வேதாகமத்துக்கு அது சத்துரு. "பரிகரிக்கப்படுங் கடைசிச் சத்துரு மரணம்" என்று பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 15:26). சத்துருவைக் கண்டு உடம்பு நடுங்குவதில் பாவம் ஒன்றுமில்லை.

நம் ஊர் அடக்க ஆராதனைகளில் பாதிப் பிரசங்கம் இதற்கு நேர்மாறாகப் போகிறது. கூட்டைவிட்டுப் பறவை பறந்துவிட்டது, இது வெறும் கூடு என்கிறார்கள். பழைய தமிழ் உவமை, அழகானது. ஆனால் அப்பாவின் கையைப் பிடித்து நடந்த மகளிடம் அந்தக் கை வெறும் கூடு என்று சொல்ல நமக்கு வேதத்தில் அனுமதி இல்லை. சரீரத்தைக் கடவுள் படைத்தார், கிறிஸ்து அதை எடுத்துக்கொண்டார், கடைசியில் அதுவே எழுப்பப்படும் என்பதுதான் நம் விசுவாசப் பிரமாணம்.

எதற்குப் பயப்படுகிறோம் என்று பிரித்துப் பார்ப்பது உதவும். மூச்சுத் திணறல், வலி, படுக்கையில் பிறர் கையை எதிர்பார்ப்பது, ஆஸ்பத்திரிச் செலவில் வீடு கடனாவது: இந்தப் பயங்களுக்கு மருத்துவமும் திட்டமிடலும் நிறையச் செய்ய முடியும். சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகிறோமே என்ற பயத்துக்கு, பிள்ளைகளை யாரிடம் ஒப்படைப்பது என்று பேசி முடிப்பது பாதி மருந்து. கடவுள் முன்னால் எப்படி நிற்பேன் என்ற பயம் வேறு வகை. அதற்குத்தான் சுவிசேஷம். அந்த மூன்றாவது பயத்துக்கு மாத்திரையும், முதல் பயத்துக்கு வசனமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

துக்க வீட்டில் அழக்கூடாது என்று ஒரு சகோதரி அதட்டினார். சரியா?

தவறு. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே போன இயேசு, கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). ஸ்தேவானை அடக்கம்பண்ணின தேவபக்தியுள்ள மனுஷர் "அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள்" (அப்போஸ்தலர் 8:2). அவர்களை யாரும் விசுவாசக் குறைவுள்ளவர்கள் என்று எழுதிவைக்கவில்லை. அதட்டுகிறவர்கள் காட்டுகிற வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:13. அதில் பவுல் சொல்வது, நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போல துக்கியாதிருங்கள் என்பது. துக்கமே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

ஒப்பாரியும் அப்படித்தான். அந்தக் காலத்து மிஷனரிகள் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இறந்தவரின் குணத்தையும் உழைப்பையும் சொல்லி அழுகிற பாட்டியின் ஒப்பாரி, சவுலுக்கும் யோனத்தானுக்கும் தாவீது பாடின புலம்பலிலிருந்து அவ்வளவு தூரத்தில் இல்லை.

உயிர் போனவுடன் எங்கே போகிறோம்? நேரே பரலோகமா, கடைசி நாள்வரை தூக்கமா?

பெரும்பாலான சபைகள் இதை இரண்டு கட்டமாகச் சொல்கின்றன. இறந்த விசுவாசி கிறிஸ்துவோடு இருக்கிறார். பவுல் "தேகத்தைவிட்டுப் பிரிந்து, கிறிஸ்துவுடனேகூட இருக்க" ஆசைப்பட்டார் (பிலிப்பியர் 1:23). சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு இயேசு சொன்னது, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" (லூக்கா 23:43). ஆனால் கதை அங்கே முடியவில்லை. கிறிஸ்து வரும்போது மரித்தோர் சரீரத்தோடு எழுந்திருப்பார்கள், நியாயத்தீர்ப்பு, அதன்பின் புதிய வானமும் புதிய பூமியும்.

ஏழாம்நாள் அட்வென்டிஸ்டுகள், உயிர்த்தெழுதல்வரை இறந்தவர் ஒன்றும் அறியாத நித்திரையில் இருக்கிறார் என்று போதிக்கிறார்கள். பிரசங்கி 9:5 அவர்களுக்கு முக்கிய ஆதாரம். கால்வின் இந்தக் கருத்தை மறுத்துத் தன் இளவயதிலேயே ஒரு நூல் எழுதினார். கத்தோலிக்கர் சுத்திகரிப்பு நிலை ஒன்றைச் சொல்கிறார்கள். பழைய வழக்கில் உத்தரிக்கிற ஸ்தலம்.

எனக்கு இதில் கவலை தருவது வேறு. "ஆத்துமா பரலோகம் போய்ச் சேர்ந்தது" என்ற பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, உயிர்த்தெழுதலை ஈஸ்டர் அன்றைக்கு மட்டும் பேசுகிற பழக்கம் நம்மில் வந்துவிட்டது. ஞாயிறுதோறும் சரீரம் உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன் என்று எழுந்து நின்று சொல்கிறோம். அந்த வரிதான் கல்லறைத் தோட்டத்தில் நம் கையில் இருக்கிற ஒரே பலம்.

முடிவே இல்லாத வாழ்வு சலிக்காதா? எப்போதும் பாடிக்கொண்டே இருக்க வேண்டுமா?

வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி இரண்டு அதிகாரங்களில் இருப்பது ஒரு நகரம். அதில் நதி ஓடுகிறது, மாதந்தோறும் கனி தரும் மரம் நிற்கிறது, ஜாதிகள் தங்கள் மகிமையையும் கனத்தையும் உள்ளே கொண்டுவருகிறார்கள், "அவருடைய ஊழியக்காரர் அவரைச் சேவித்து" வாழ்கிறார்கள். வேலையும் உண்டு என்றுதான் தெரிகிறது. முடிவில்லாத பாட்டுப் பயிற்சி என்று எங்கும் எழுதவில்லை. நித்திய ஜீவன் என்றால் என்ன என்று இயேசுவே சொல்லிவிட்டார்: ஒன்றான மெய்த்தேவனையும் அவர் அனுப்பினவரையும் அறிவது (யோவான் 17:3). அதனால் அது சாவுக்குப் பிறகு தொடங்குகிற ஒன்றும் இல்லை.

அங்கே என் மனைவியைப் பார்ப்பேனா?

பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். உயிர்த்தெழுந்த இயேசுவைச் சீஷர்கள் அடையாளம் கண்டார்கள், தழும்புகளோடு. உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை என்று மத்தேயு 22:30 சொல்வது உண்மை. ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவருக்கு அந்த வசனம் குத்தும். திருமணம் இல்லை என்றால் அன்பு இல்லை என்று ஆகாது, அதற்குமேல் இதில் விவரம் கொடுக்கப்படவில்லை.

அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. டாக்டர் எங்களிடம் சொன்னார், அப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா?

அவர் தெரிந்துகொள்ள விரும்பினால் சொல்லுங்கள். பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்கும். நீங்கள் அவருக்காக நடிக்கிறீர்கள், அவர் உங்களுக்காக நடிக்கிறார், இரண்டு பேரும் தனித்தனியே அழுகிறீர்கள்.

எசேக்கியா ராஜாவிடம் ஏசாயா சொன்னது: "நீர் உமது வீட்டுக்காரியத்தை ஒழுங்குப்படுத்தும்" (2 இராஜாக்கள் 20:1). யாக்கோபு சாகப்போவது தெரிந்து, பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒவ்வொருவரையும் ஆசீர்வதித்து, தன்னை எங்கே அடக்கம்பண்ண வேண்டும் என்றும் சொல்லிவிட்டுக் கால்களை மடக்கிக்கொண்டார். கிறிஸ்தவ மரபில் நல்ல மரணம் என்பது இதுதான். பழைய ஜெபப்புத்தகங்களில் சடிதி மரணத்திலிருந்து எங்களை இரட்சியும் என்று வேண்டிக்கொண்டார்கள். நாமோ, "தூக்கத்திலேயே போயிட்டாரு, கொடுத்துவச்சவரு" என்கிறோம்.

எப்படிச் சொல்வது என்பது வேறு விஷயம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டத் தேவையில்லை. "உங்க உடம்பைப் பத்தி என்ன நினைக்கிறீங்கப்பா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அவர் கேட்கிற அளவுக்குப் பதில் சொல்லுங்கள். பொய் மட்டும் வேண்டாம். மன்னிப்பு கேட்க வேண்டிய தம்பி ஒருவர் இருப்பார், பேச்சுவார்த்தை அறுந்துபோன மகள் ஒருத்தி இருப்பாள், யாருக்கும் தெரியாத ஒரு கடன் இருக்கும். அதற்கெல்லாம் அவருக்கு நாள் தேவை. மறைக்கிறவர்கள் அந்த நாட்களை எடுத்துக்கொள்கிறார்கள்.

குணமாவார் என்று ஒரு ஊழியக்காரர் தீர்க்கதரிசனம் சொன்னார். உபவாசித்தோம். இறந்துவிட்டார். எங்கள் விசுவாசம் போதவில்லையா?

இல்லை. அப்படிச் சொன்னவர் யாராக இருந்தாலும் உங்கள் புண்ணில் உப்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பவுலின் கைத்துணிகளைக் கொண்டுபோய்ப் போட்டால் வியாதி நீங்கினது என்று அப்போஸ்தலர் 19-இல் வருகிறது. அதே பவுல் தன் கடைசி நிருபத்தில், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று சாதாரணமாக எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை. லாசரு எழுந்தான், பிறகு ஒருநாள் மறுபடியும் செத்தான். இயேசு குணமாக்கின ஒவ்வொருவரும் கடைசியில் ஏதோ ஒரு கல்லறைக்குப் போனார்கள். சுகத்துக்காக ஜெபிப்பது சரி, நானும் ஜெபிக்கிறேன். கடவுள் சில நேரம் சுகம் கொடுக்கிறார். ஆனால் சுகம்தான் ஒரே பதில் என்று கட்டாயப்படுத்துகிற ஜெபம், சாகிறவரிடமிருந்து விடைபெறும் வாய்ப்பைப் பறித்துவிடுகிறது. "அறிக்கை பண்ணாதீங்க, எதிர்மறையாப் பேசாதீங்க" என்று கட்டிலைச் சுற்றிக் காவல் நிற்கும்போது, நான் போய்ட்டு வர்றேன் என்று சொல்லக்கூட அந்த மனுஷனுக்கு இடமில்லாமல் போகிறது. நம் சபைகளில் நடக்கிற மிகப் பெரிய கொடுமைகளில் இதை ஒன்றாக எண்ணுகிறேன்.

மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நம் திருநெல்வேலிப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. 1931-இல் கீழே விழுந்தவர், 1951 ஜனவரியில் டோனாவூரில் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது வருஷம், பெரும்பாலும் தன் அறையிலேயே கிடந்தார். அவருக்காக ஜெபித்தவர்களுக்கும் அவருக்கும் விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதித்தால் அது கொலைப்பாவம் ஆகுமா?

குணமாக வழியே இல்லாத நிலையில், சாவைத் தள்ளிப்போட மட்டும் ஓடுகிற இயந்திரத்தை நிறுத்துவது கொலை அல்ல. 1957-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், மயக்க மருந்து நிபுணர்களிடம் பேசும்போது இதைத் தெளிவாக்கினார்: வழக்கமான சிகிச்சையை ஏற்கும் கடமை நமக்கு உண்டு, பெரும்பாரமான அசாதாரண முறைகளை ஏற்கும் கடமை இல்லை. புரொட்டஸ்டன்ட் சபைகளிலும் பெரும்பாலோர் இதையே ஏற்கிறார்கள். வேண்டுமென்று உயிரை முடிக்க ஊசி போடுவது வேறு. அதைச் சபைகள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2018 மார்ச் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட நிலையில் எனக்கு என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை அங்கீகரித்தது. 2023-இல் அந்த நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்திட்டால் போதும் என்றது.

மார்ஃபின் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வலிக்கு மார்ஃபின் கொடுப்பது பாவமில்லை, அளவோடு கொடுத்தால் அது ஆளைக் கொல்வதும் இல்லை. லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. நர்ஸாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து, பிறகு டாக்டருக்குப் படித்தவர். வலி வந்தபின் கெஞ்சவைக்காமல், வருவதற்கு முன்பே நேரம் தவறாமல் மருந்து கொடுக்கும் முறையைப் பரப்பினார். உடல் வலியோடு மனக்கவலை, குடும்பக் கவலை, ஆத்தும வேதனை எல்லாம் சேர்ந்த ஒரே வலியாகத்தான் நோயாளி அனுபவிக்கிறார் என்றார். இந்தியாவில் 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியதால் மார்ஃபின் கிடைப்பது முன்பைவிட எளிது. சிகிச்சை முடிந்தது, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று கைவிரித்தால், வலிநிவாரணப் பிரிவு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் அப்படி ஒரு பிரிவு உண்டு.

கடைசி மணி நேரத்தில் பக்கத்தில் இருந்து என்ன செய்வது?

வாயில் பால் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாதவருக்கு ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும், திணறுவார். ஒவ்வொருவராக வந்து ஒரு ஸ்பூன் ஊற்றுவது நம் ஊரில் பாசத்தின் அடையாளம்தான், ஆனால் சுத்தமான துணியை நனைத்து உதட்டைத் தொட்டால் அதே பாசம் போய்ச் சேரும். தொண்டையில் கரகரவென்று கேட்கும் சத்தம் பார்ப்பவர்களைப் பயமுறுத்தும். பெரும்பாலும் அந்த நேரத்தில் அவருக்கு அந்த வேதனை தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும்.

கேட்கும் திறன் கடைசிவரை இருக்கலாம் என்று எண்ணிப் பேசுங்கள். தலைமாட்டில் நின்று நிலத்தகராறு பேசாதீர்கள். சங்கீதம் 23 மெதுவாகச் சொல்லலாம். அதில் ஒரு இடத்தைக் கவனியுங்கள்: பசுமையான புல்வெளியில் மேய்ப்பரைப் பற்றி "அவர்" என்று பேசிக்கொண்டிருந்த தாவீது, மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் "தேவரீர் என்னோடே கூட இருக்கிறீர்" என்று நேரே அவரிடமே பேசத் தொடங்குகிறார். படுக்கையில் இருப்பவருக்குப் பிடித்த கீர்த்தனையைத் தாழ்ந்த குரலில் பாடலாம். திருவிருந்து கேட்டால் போதகர் ஐயரைக் கூப்பிடுங்கள், நடுராத்திரி என்று தயங்க வேண்டாம். கத்தோலிக்கர் என்றால் நோயில்பூசுதலுக்கு (குருவானவர் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது) கடைசி நிமிஷம்வரை காத்திருக்காதீர்கள். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அது சாகிறவருக்கு மட்டுமான அருட்சாதனம் இல்லை, கடும் நோயில் இருக்கும் யாரும் பெறலாம்.

கிறிஸ்துவை அறியாமலே என் அம்மா இறந்துபோனார். நான் மட்டும்தான் வீட்டில் விசுவாசி. அவர் எங்கே இருக்கிறார்?

முதல் தலைமுறை விசுவாசிகள் எல்லாரும் சுமக்கிற கேள்வி. முத்துக்குளித்துறையில் பரதவர் ஊர்களில் அலைந்த பிரான்சிஸ் சவேரியார் பிறகு ஜப்பானுக்குப் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்கள், எங்கள் முன்னோரின் கதி என்ன என்று கேட்டு அழுதார்கள். நரகத்திலிருந்து மீட்பு இல்லை என்று அவர் பதில் சொன்னார். அவர்கள் அழுவதைப் பார்த்து எனக்கும் கண்ணீர் அடங்கவில்லை என்ற கருத்தில் 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடிதம் எழுதினார். இவ்வளவு பெரிய மிஷனரி, அந்தப் பதிலைச் சொல்லிவிட்டுத் தானும் தாங்க முடியாமல் தவித்தார்.

அவருடைய சபையே 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தன் குற்றமின்றி சுவிசேஷத்தை அறியாமல், உண்மை மனதோடு கடவுளைத் தேடினவர்கள் மீட்படைய முடியும் என்று எழுதியது. சுவிசேஷப் பற்றுள்ள புரொட்டஸ்டன்ட் சபைகள் பல இதை ஏற்பதில்லை. கிறிஸ்துவின் நாமமேயல்லாமல் வேறொரு நாமம் இல்லை என்ற அப்போஸ்தலர் 4:12 அவர்களுக்கு முடிந்த முடிவு.

இரண்டு பக்கமும் ஏற்கிற ஒன்று உண்டு: தீர்ப்பு நம் கையில் இல்லை. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டார் (ஆதியாகமம் 18:25). உங்கள் அம்மாவின் இருதயத்தில் கடைசி மணி நேரத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் போதகருக்கும் தெரியாது. நரகம் என்று அடித்துச் சொல்கிறவரிடமும், கண்டிப்பாகப் பரலோகம் என்று அடித்துச் சொல்கிறவரிடமும் நான் எச்சரிக்கையாகவே இருப்பேன்.

அப்படியானால் அவருக்கு நான் கொள்ளி வைக்கலாமா?

சபைகள் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை, கிராமத்தில் ஒரே மகனாக இருந்தால் தப்பிக்க வழியும் இல்லை. என் கருத்தைச் சொல்கிறேன். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் ஆண்டவரை விசுவாசித்தபின், தன் ராஜாவுக்குக் கைகொடுத்து அந்நிய தெய்வமான ரிம்மோனின் கோவிலில் குனிய வேண்டியிருக்குமே என்று கேட்டான். எலிசா நீண்ட பிரசங்கம் செய்யவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார் (2 இராஜாக்கள் 5:19). மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும் என்ற வசனத்தைக் காட்டித் தாயின் பாடைக்குத் தோள் கொடுக்காமல் ஒதுங்குவதை நான் ஏற்கமாட்டேன். கொர்பான், அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு எப்படிக் கடிந்துகொண்டார் என்று மாற்கு 7-இல் இருக்கிறது. தோள் கொடுங்கள், குழி வெட்டும் செலவையோ விறகுச் செலவையோ ஏற்றுக்கொள்ளுங்கள், நெருப்பு வைக்க வேண்டுமானால் மகனாக வையுங்கள். மந்திரமும் பிண்டமும் உங்கள் மனச்சாட்சிக்கு ஒத்துவராது என்றால், பெரியப்பாவிடம் முன்னாலேயே மரியாதையாகச் சொல்லி அதை வேறொருவரிடம் ஒப்படையுங்கள். சுடுகாட்டில் வைத்துச் சண்டை போடாதீர்கள்.

நரகம் உண்மையா?

இயேசு அதைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார், தள்ளிவிட முடியாது. முடிவில்லாத வேதனை என்பது பெரும்பான்மைப் போதனை. துன்மார்க்கர் முடிவில் இல்லாமல் அழிந்துபோவார்கள் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட் 1988-இல் தயங்கித் தயங்கி அந்தப் பக்கம் சாய்ந்தார். ஒன்று மட்டும் உறுதி: இயேசு அதைச் சொன்னதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர்களை எச்சரிக்கத்தான். பெட்டிக்குள் கிடக்கிறவரைக் காட்டிப் பேசுவதற்கு அல்ல.

தற்கொலை செய்துகொண்டவருக்கு இரட்சிப்பு உண்டா? கல்லறைத் தோட்டத்தில் இடம் தர மறுக்கிறார்கள்.

1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம், தன் உயிரைத் தானே மாய்த்தவருக்கு அடக்க முறைமையை வாசிக்கக்கூடாது என்றது. கத்தோலிக்கரின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும் மறுத்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. மன வேதனையும் பயமும் பொறுப்பைக் குறைக்கும், அப்படிப்பட்டவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக்கூடாது என்று இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி போதிக்கிறது. ஆக, இன்னும் இடம் மறுக்கிற கமிட்டிகள் தங்கள் சபையின் போதனையைவிடப் பின்தங்கியிருக்கின்றன. இரட்சிப்பு கடைசி நிமிஷச் செயலைப் பொறுத்தது என்றால், மாரடைப்பில் கோபத்தோடு போனவர்கள் கதி என்ன? "மரணமானாலும், ஜீவனானாலும்" கிறிஸ்துவின் அன்பைவிட்டுப் பிரிக்காது என்று ரோமர் 8-இல் படிக்கிறோம்.

இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், பதிலைத் தேடி இங்கே வாசித்துக்கொண்டிருக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு இப்போதே பேசுங்கள், தமிழிலும் பேசலாம். பக்கத்தில் இருக்கும் ஒருவரையும் எழுப்புங்கள்.

ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் குழந்தை இறந்துவிட்டது.

தாவீதின் குழந்தை ஏழாம் நாளில் இறந்தது. "நான் அதினிடத்துக்குப் போவேனேஅல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை" என்றார் (2 சாமுவேல் 12:23). இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மீட்பு உண்டு என்று நம்பக் காரணம் இருக்கிறது என்று 2007-இல் வத்திக்கானின் இறையியல் குழுவும் எழுதியது. குழந்தைக்குப் பெயர் வையுங்கள். அடக்க ஆராதனை கேளுங்கள். "இன்னொன்னு பிறக்கும்" என்று சொல்கிறவர்களை வாசலிலேயே நிறுத்தி வைக்க ஒரு அக்காவை நியமியுங்கள்.

சுனாமியில் வேளாங்கண்ணிக்கு வந்த பக்தர்களே செத்தார்களே?

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலையில் குண்டு வெடித்தது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் பலர் பலியானார்கள். ஏன் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப்பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று இயேசு சொன்னார் (லூக்கா 13:4). அதனால் அவர்கள் பாவத்துக்குத் தண்டனை என்ற விளக்கத்துக்கு இடமில்லை. கோயில் கட்டடத்துக்குள் தண்ணீர் வரவில்லை, அற்புதம் என்று சாட்சி சொல்கிறவர்கள், கடற்கரையில் பிள்ளையைத் தொலைத்த தாய் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்பதை நினைத்துக்கொண்டு பேசினால் நல்லது.

புதைக்கத்தான் வேண்டுமா? எரித்தால் எப்படி உயிர்த்தெழுவார்?

கி.பி. 177-இல் லியோன் நகரத்து இரத்தசாட்சிகளின் உடல்களை எரித்து, சாம்பலை ரோன் நதியில் கரைத்தார்கள். இனி எப்படி எழுந்திருப்பார்கள் பார்ப்போம் என்பதுதான் நோக்கம். மிச்சமிருந்த சபைக்கு அழுகை வந்தது, விசுவாசம் போகவில்லை. சமுத்திரமும் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவிக்கும் என்று வேதம் சொல்லும்போது மின்மயானம் எம்மாத்திரம்?

அடக்கம் செய்வதே நம் மரபு, கிறிஸ்து அடக்கம்பண்ணப்பட்டார் என்பதால். கத்தோலிக்க சபை 1963-இல் எரிப்பதற்கு இருந்த தடையை நீக்கியது. 2016-இல், சாம்பலைத் தூவவோ வீட்டில் வைத்துக்கொள்ளவோ வேண்டாம், கல்லறை போன்ற புனித இடத்தில் வையுங்கள் என்றது. சென்னையில் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லாமல் குடும்பக் கல்லறையையே திறந்து அடக்கம் செய்கிற நிலை. இடத்துக்காகக் கடன் வாங்காதீர்கள். கிரானைட் கல்லறைக்கும் கட்-அவுட்டுக்கும் அப்படியே. ஏமி அம்மையார் தனக்குக் கல்லறைக்கல்லே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியைத்தான் அங்கே வைத்தார்கள்.

இறந்தவர்களுக்காக ஜெபிக்கலாமா?

கத்தோலிக்கர் ஜெபிக்கிறார்கள், நவம்பர் 2 அதற்கான நாள். 2 மக்கபேயர் 12 அவர்களுடைய ஆதாரம். அந்த நூல் புரொட்டஸ்டன்ட் வேதாகமத்தில் இல்லாததால் நாங்கள் நன்றி செலுத்துவதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனாலும் அன்றைக்குக் கல்லறையைச் சுத்தம் செய்து மெழுகுவர்த்தி ஏற்றுகிற சி.எஸ்.ஐ. குடும்பங்கள் ஏராளம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சாவுக்கு ஆயத்தமாக இப்போதே என்ன செய்யலாம்?

மன்னிப்பு கேட்க வேண்டியவரிடம் கேளுங்கள். அது முதலில். திருவிருந்தைத் தவறவிடாதீர்கள்.

பிறகு உயில். நம்மில் பலர் உயில் எழுதினால் சீக்கிரம் செத்துவிடுவோம் என்று நடுங்குகிறோம், நித்தியத்தைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் பேசுகிறோம். இந்தியாவில் கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லாமல் கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, மகளுக்கும் மகனுக்கும் வித்தியாசம் இல்லாமல். பெண்பிள்ளைக்கு நகை போட்டாயிற்று, பங்கு இல்லை என்று அண்ணன்மார் சொல்வது சட்டத்தில் நிற்காது. சபைக்கோ அனாதை இல்லத்துக்கோ எழுதிவைக்க விரும்புகிறவர்களுக்கு முன்பு 118-ஆம் பிரிவில் கட்டுப்பாடு இருந்தது. 2003-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்துவிட்டது.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்தால் பின்னால் வம்பு குறையும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பங்கு வாங்கப்போகிறவரையோ அவருடைய கணவன் மனைவியையோ சாட்சியாகப் போடாதீர்கள், அவருக்கு எழுதின பங்கு செல்லாமல் போய்விடும்.